சபை நிலம் பாஸ்டர் பேரில் இருக்கிறது, இப்போது என்ன செய்வது?

கேள்வி: ஐஸ்பிளாண்ட் கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம். நான் ஒரு ஐஸ் பிளாண்டில் பில் போடுகிறேன். பி.காம். படித்தவள் என்பதால் சபைக் கணக்கும் என் தலையில் விழுந்துவிட்டது. எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத தனிச் சபை எங்களுடையது. அறுபது குடும்பம் இருக்கும். பெரும்பாலும் கடல் தொழில், பெண்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிற குடும்பங்களும் உண்டு.

பழைய பொருளாளர் அண்ணன் என்னிடம் கொடுத்தது ஒரே ஒரு நீள நோட்டு. 'ஞாயிறு காணிக்கை', 'கரண்ட் பில்', 'மைக் ரிப்பேர்', 'பாஸ்டர் ஐயாவுக்கு' என்று வரிவரியாக இருக்கிறது. ரசீது புத்தகம் கிடையாது. பெரிய தொகை வந்த நாளில் யார் கொடுத்தது என்று எழுதாமல் 'ஸ்தோத்திரம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியதும் தொகை படுத்துவிடுகிறது. ஜூன் 14 முடிந்து படகு இறங்கியதும் முதல் பாட்டுக் காணிக்கை, அதாவது முதல் தடவை பிடித்த மீனிலிருந்து கொடுப்பது, வந்து குவிகிறது. பையிலிருந்து கொட்டினால் நோட்டில் செதில் ஒட்டியிருக்கும், அதைத் துடைத்துவிட்டுத்தான் எண்ணுவோம். திருடியவர் யாரும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரச்சினை வேறு. பாஸ்டர் ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரையால் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்து இந்தச் சபையைக் கட்டி எழுப்பியவர் அவர்தான். ஜெப வீடும் பக்கத்தில் அவர் குடியிருக்கும் வீடும் சேர்ந்து ஒன்பது சென்ட். சபை மக்கள் நகையை அடகு வைத்தும் படகுப் பங்கிலிருந்து கொடுத்தும் வாங்கிய இடம் அது. பத்திரம் ஐயா பேரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வேறு யார் பேரில் எழுதுவது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐயாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் திருப்பூரில் இருக்கிறார், சபைக்கு வருவதில்லை.

சபையில் இதைப் பேச்செடுத்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பதிவு செய்தால் அரசாங்கம் கோயிலை எடுத்துக்கொள்ளும் என்கிறார் ஒருவர். நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். ஐயா இருக்கும்போதே இதைப் பேசுவது விசுவாசக் குறைவு என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மேல்தளம் போட வேண்டும் என்று வாலிபர்கள் சிமெண்டுக்குப் பணம் சேர்க்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பத்திரக்காரர்

தங்கச்சி, நான் ராமநாதபுரத்தில் ஆவண எழுத்தர் வேலை பார்த்து ஓய்ந்தவன். நோட்டை மூடி வை. முதலில் பத்திரத்தைத் திற. அதில் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் வரியைப் படி. 'எனது சுயார்ஜிதப் பணத்திலிருந்து கிரயம் பெற்று', அதாவது நானே சம்பாதித்த பணத்தில் வாங்கியது, என்ற மாதிரி இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது ஐயாவின் சொந்தச் சொத்து. அறுபது வீட்டு நகை அடகுக் கடைக்குப் போனது அந்தக் காகிதத்தில் எங்கேயும் இருக்காது. இந்த வரியை எழுதுபவன் கெட்ட எண்ணத்தில் எழுதுவதில்லை. பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடிப்பான், அவ்வளவுதான். ஆனால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்பது அந்த வரிதான்.

ஐயா ஒன்றும் எழுதி வைக்காமல் கண் மூடினால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பேசும். கிறிஸ்தவர்களுக்கு மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. உன் கணக்கில் அம்மா, மகன், மகள் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. திருப்பூர்த் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு ஒரு கடன் வந்தால் கடன்காரன் ஜெப வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

அதனால் இந்த வாரமே செய்ய வேண்டியது உயில். அதற்கு முத்திரைத்தாள் செலவு இல்லை. இரண்டு சாட்சி வேண்டும், சபைக்கு வெளியே இருந்து பிடித்தால் நல்லது. கிறிஸ்தவர் தர்மத்துக்கு உயில் எழுதினால் சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்று பழைய சட்டத்தில் 118ஆம் பிரிவு ஒன்று இருந்தது. சில வக்கீல்கள் இன்னும் அதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். 2003-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது, பயப்படாதே. ஆனால் உயில் தற்காலிகக் காவல்தான். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அவர் போன பிறகு யாரும் வழக்குப் போடலாம்.

நிலையான வழி, சபையை ஒரு சட்டப்பூர்வமான அமைப்பாகப் பதிவு செய்து அதன் பேருக்கு ஐயா தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, ஐயா உயிரோடு இருக்கும்போதே அமைப்பு அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஏற்பை அதே பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவதுதான் என் வழக்கம். குடும்பத்துக்கு வெளியே போகிற தானம் என்பதால் வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் வரும். வாலிபர்கள் சிமெண்டுக்குச் சேர்த்த பணம் இதற்கு ஆகட்டும். ஐயாவால் அலுவலகம் வர முடியாது என்றால் சார் பதிவாளரை வீட்டுக்கே வரச் சொல்லி மனுக் கொடுக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது.

அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்ற பயத்துக்கு வருகிறேன். அந்தப் பேச்சு இந்து சமய அறநிலையத் துறையைப் பார்த்து வந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கோயில்களுக்கானது, சபைக்குப் பொருந்தாது. உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, சார் பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம். இன்னொன்று, 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் சங்கம். சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

என்னைக் கேட்டால் உங்களுக்குச் சங்கம்தான். ஏன் என்று சொல்கிறேன். நான் எழுதிக் கொடுத்த சபை அறக்கட்டளைப் பத்திரங்களில் முக்கால்வாசியில் பாஸ்டர், பாஸ்டரம்மா, மூத்த மகன் மூவரும் ஆயுள்கால அறங்காவலர்கள். சட்டத்தில் தப்பில்லை. ஆனால் காணிக்கை போடுகிறவனுக்கு அங்கே ஓட்டு இல்லை. ஏதாவது ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் இரண்டு பேராவது சேர்ந்து, கோர்ட் அனுமதி வாங்கி, வழக்குப் போட வேண்டும். வலை இழுக்கிறவனுக்கு அதற்கு ஏது நேரம்? சங்கத்தில் நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழு முன் வைக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யாமல் வருடக்கணக்கில் விட்டால் பதிவையே ரத்து செய்வார்கள்.

பொதுக்குழுவைத் தடைக்காலத்தில் வை. மார்ச் 31-ல் கணக்கு முடியும், மே மாதம் விசைப்படகு ஆட்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். நம் கடற்கரையில் கூட்டம் செல்லுவதற்கு வேண்டிய ஆள் (கோரம்) சேருகிற மாதம் அது ஒன்றுதான்.

ஒன்று கேட்க மறந்தேன். ஐயா கல்யாணம் நடத்தி வைக்கிறாரா? உரிமம் இருக்கிறதா?

பதில்: ராம்நாடு ஆடிட் ஆபீஸ்

பத்திரக்காரர் ஐயா சங்கம் என்கிறார், எனக்கு ஒப்புதல் இல்லை. தேர்தல் வைத்த சபைகள் படகுக்காரர் அணி, கூலிக்காரர் அணி என்று பிரிந்து, இரண்டு பக்கமும் தனித்தனிக் குழுப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு பதிவாளர் அலுவலகத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அறக்கட்டளைப் பத்திரத்திலேயே அறங்காவலர்களில் பாதிப் பேரை சபைக் கூட்டம் தேர்ந்தெடுக்கும், பாஸ்டர் குடும்பத்தில் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதினால் அதே பாதுகாப்புக் கிடைக்கும். எழுதுகிற கையைப் பொறுத்தது. சரி, அதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் வரிப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

சுவரில் ஜிபே க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறீர்களா? அது யாருடைய எண்? ஐயாவுடையது என்றால் இன்றைக்கே கழற்றுங்கள். அவருடைய கணக்கில் விழுகிற ஒவ்வொரு ரூபாயும் முதல் பார்வைக்கு அவருடைய வருமானம்தான். அது சபைக் காணிக்கை என்று நிரூபிக்கிற சுமை அந்த வயதில் அவர் தலையில் ஏறும். சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கியே வருமான வரித்துறைக்குச் சொல்லிவிடும். பதிவு முடிந்ததும் சபை பேரில் பான் எண் வாங்கி, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்குத் தொடங்குங்கள்.

80ஜி எல்லாவற்றையும் சரியாக்கும் என்று சொன்னவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: உங்களுக்கு அது கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்காக மட்டும் நடக்கிற அமைப்புக்கு 80ஜி கொடுப்பதில்லை. புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என்று அரசு தனியாக அறிவிக்கிற இடங்களின் திருப்பணிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கு வேண்டியது 12ஏபி. அது சபையின் வருமானத்துக்கு வரிவிலக்கு. காணிக்கை போடுகிறவருக்கு அதில் வரிச் சலுகை எதுவும் இல்லை. இரண்டையும் குழப்பி, மேடையில் 'வரிவிலக்கு உண்டு' என்று அறிவித்துவிடாதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆபீஸில் நாங்கள் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறோம்.

பெயரில்லாத காணிக்கைக்கு 30 சதவீத வரி என்று ஒன்று இருக்கிறது. முழுக்க மதக் காரியத்துக்காக மட்டும் இருக்கும் அமைப்பை அது தொடாது. எனவே பையில் விழுவதற்கெல்லாம் பேர் எழுத வேண்டியதில்லை. ஆனால் எண்ணும்போது உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர் உட்கார்ந்து, எண்ணிய தாளில் அங்கேயே கையெழுத்துப் போடுங்கள். 'ஸ்தோத்திரம்' என்று எழுதிய பெரிய தொகைகளுக்கு இனி ரசீது கட்டாயம். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. முதல் பாட்டுக் காணிக்கை பெரிய படகுக்காரரிடமிருந்து வந்தால் வங்கி வழியாக வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் பக்கத்திலும் கவனம் வேண்டும். கொத்தனாருக்கோ சவுண்ட் கடைக்கோ ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது.

வருடத்து வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும், 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். உங்கள் ஊருக்கு அந்தப் பதினைந்து ரொம்ப முக்கியம். தடைக்காலத்தில் பாஸ்டர் சம்பளம் நிற்பதற்கு அதைத் தவிர வேறு மருந்து இல்லை. 'பாஸ்டர் ஐயாவுக்கு' என்று மட்டும் எழுதாமல், மாதம் இவ்வளவு என்று குழுத் தீர்மானம் போட்டுக் கொடுங்கள். நியாயமான சம்பளம் கொடுப்பதில் தவறே இல்லை.

பதில்: ஜமாஅத் செயலாளர்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பெரியபட்டினம் பக்கம் ஒரு ஜமாஅத்தில் கணக்குப் பார்க்கிறவன். உங்களுடைய கதை எங்களுக்கும் பழக்கமானதுதான் சகோதரி, சட்டம்தான் வேறு. பள்ளிவாசல் சொத்து வக்ஃப் என்றால் வாரியத்தில் பதிவு, வருடா வருடம் முத்தவல்லி (வக்ஃப் நிர்வாகி) கணக்கு கொடுக்க வேண்டும். நிகர வருமானத்தில் வாரியத்துக்கு 7 சதவீதம் வரை போனது, 2025 திருத்தத்தில் 5 ஆகக் குறைந்தது. எங்களிடமும் பாட்டன் பேரில் இருக்கிற பட்டாவை வைத்துக்கொண்டு பேரன்கள் வந்து நிற்பதுண்டு.

நான் எழுத வந்தது வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி. நம் கரையில் அது இல்லாத வழிபாட்டுத் தலம் இருக்காது. எங்கள் பிள்ளைகள் துபாயிலும் கத்தாரிலும் இருக்கிறார்கள், ஆனால் கையில் இந்தியப் பாஸ்போர்ட். அவர்கள் தங்கள் சம்பாத்தியத்தை முறையாக வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தெருவில் மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா ஒருவர் இருக்கிறார். பிறந்தது இங்கே, மையத்து (இறந்த உடல்) வந்து அடங்கப்போவதும் இங்கே என்பார். அவர் அனுப்பும் நூறு ரிங்கிட்டும் வெளிநாட்டு நன்கொடைதான். பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் முதல் கேள்வி. மாமாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு நோன்பு மாதம் போதவில்லை.

முகாம் குடும்பங்கள் வருகிறார்கள் என்றீர்கள். அவர்களின் உறவுகள் கனடாவிலும் நார்வேயிலும் இருப்பார்கள். 'ஜெப வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்க' என்று அனுப்பினால் என்ன செய்வீர்கள்? 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். பணமும் டெல்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். சின்ன சபைக்கு இதெல்லாம் எட்டாது. பாஸ்டர் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி மாற்று வழி பார்ப்பதும் குற்றம்தான், ஐந்து வருடம் வரை சிறை. நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பிரசங்கியார் யாராவது சுற்றுலா விசாவில் ராமேஸ்வரம் பார்க்க வந்துவிட்டு உங்கள் மேடையில் ஏறினால் விசா நிபந்தனை மீறல். கூட்டம் போட்டவரையும் கேட்பார்கள்.

ஐஸ்பிளாண்ட் கணக்கு

எல்லோருக்கும் நன்றி. பத்திரக்கார அண்ணே, நீங்கள் சொன்ன வரி அப்படியே இருக்கிறது. 'எனது சுயார்ஜிதப் பணத்தில்' என்றுதான். என் அம்மாவின் சங்கிலியும் அந்தப் பணத்தில் உண்டு. படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

க்யூஆர் அட்டை ஐயா எண்தான். கழற்றிவிட்டோம். கனடாவிலிருந்து ஒரு அண்ணன் போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டாராம், நல்லவேளை இன்னும் அனுப்பவில்லை. கல்யாணத்துக்கு ஐயாவிடம் உரிமம் கிடையாது. சபை லெட்டர்பேடில் ஒரு சான்று கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்குப் போன ஒரு ஜோடி திரும்பி வந்தது. மேல்தளம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பத்திரக்காரர்

கல்யாணத்தை உடனே நிறுத்தச் சொல். ஜெபம் பண்ணட்டும், ஆசீர்வதிக்கட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. சட்டப்படி மணம் முடித்து வைப்பது வேறு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் யார் யார் நடத்தி வைக்கலாம் என்று பட்டியலே இருக்கிறது. தனிச் சபைப் பாஸ்டருக்கு அரசின் உரிமம் வேண்டும். அது இல்லாமல் நடத்தினால் பத்து வருடம் வரை தண்டனை என்று 68ஆம் பிரிவு சொல்கிறது. ஐயா உரிமத்துக்கு மனுப் போடட்டும். அது வரும்வரை ஜோடிகள் திருமணப் பதிவாளரிடம் முடித்துக்கொண்டு சபைக்கு வரட்டும். உரிமம் உள்ளவர் நடத்தினாலும் 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். விட்டால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். திரும்பி வந்த அந்த ஜோடியை ஒரு வக்கீலிடம் அனுப்பு, அதை இங்கே பேசி முடிக்க முடியாது.

மேல்தளத்துக்குக் கம்பி இறக்காதே. வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் கலெக்டரின் ஒப்புதல் வேண்டும், பஞ்சாயத்துத் தலைவர் வாய்ச்சொல் போதாது. அதோடு உங்கள் இடம் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீ சொல்லவில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் விழுந்தால் அது தனி அனுமதி. சொத்தே ஐயா பேரில் இருக்கும்போது மனுப் போடுவது யார்? அதனால்தான் சொல்கிறேன், முதலில் பத்திரம்.

பதில்: ஞாயிறு பள்ளி டீச்சர்

நான் தொண்டிப் பக்கம். சொத்து, வரி எல்லாம் பேசினீர்கள், பிள்ளைகளை விட்டுவிட்டீர்கள். ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிற குழுவுக்கு பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குத் தப்பு நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்வது கட்டாயம். 'சபைக்குள் பேசித் தீர்ப்போம்' என்று பெரியவர்கள் உட்காரக் கூடாது. தன் கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை மறைத்தால் நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை சிறை. எங்கள் சபையில் ஒரு பெரியவர் மட்டும் தனியாக வகுப்பெடுக்கக் கூடாது, இரண்டு பேர் வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறோம். எழுதிய அன்றைக்குச் சிலர் கோபித்தார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

ஐஸ்பிளாண்ட் கணக்கு

நேற்று சாயங்காலம் இரண்டு மூப்பரைக் கூட்டிக்கொண்டு ஐயாவைப் பார்த்தோம். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பத்திரத்தை வாசித்துக் காட்டியதும், 'இது நான் சொல்லி எழுதியது இல்லையேம்மா, மாத்திரு' என்றார். தயங்கியது பாஸ்டரம்மாதான். அடுப்படி வாசலில் நின்றபடியே, 'எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா, இவருக்கு அப்புறம் நான் எங்க போறது?' என்று கேட்டார்கள். மூப்பர்கள், 'சபை உங்களை விட்டுருமா அம்மா' என்று சமாதானம் சொன்னார்கள். அது எனக்கே போதாத பதிலாகப் பட்டது. இன்றைக்கு இருக்கிற மூப்பர் சொல்வதை நாளைக்கு வருகிற குழு கேட்குமா?

பத்திரக்காரர்

பாஸ்டரம்மா கேட்டதுதான் இந்தத் திரியிலேயே சரியான கேள்வி. இதற்கு மூப்பர் வாக்குறுதி தேவையில்லை, பத்திரத்தில் இடம் இருக்கிறது. தானப் பத்திரத்திலேயே ஐயாவும் அம்மாவும் உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தங்களுக்கு நிறுத்தி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். யாரும் காலி செய்யச் சொல்ல முடியாதபடி எழுதலாம். விற்கவோ அடமானம் வைக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை, குடியிருக்க மட்டும்.

ராம்நாடு ஆடிட் ஆபீஸ்

இந்த இடத்தில் பத்திரக்காரர் ஐயா சொல்வதற்கு நானும் கை தூக்குகிறேன். முழுச் சொத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு குழுவே வீட்டை இலவசமாகக் கொடுத்தால், நிறுவனருக்கு அமைப்பின் சொத்திலிருந்து சலுகை கொடுத்ததாக வருமான வரித்துறை கேட்கும், வரிவிலக்கே ஆட்டம் காணலாம். அவர்கள் அந்த உரிமையைக் கொடுக்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டால் அது அமைப்பின் சொத்தாகவே வருவதில்லை. பாஸ்டரம்மாவுக்கு மாதம் ஏதாவது உதவி கொடுக்க நினைத்தால் ஐயா பணியில் இருக்கும்போதே ஓய்வுக்காலப் படியாகத் தீர்மானம் போடுங்கள்.

பத்திரக்காரர்

அப்புறம் ஒன்று தங்கச்சி. ஒன்பது சென்ட்டில் வீடு எவ்வளவு, ஜெப வீடு எவ்வளவு என்று சர்வேயரை வைத்து அளந்து, வீட்டுக்குத் தனி நான்கெல்லை போட்டு எழுது. பாதை யாருக்கு, கிணறு யாருக்கு என்பதையும் சேர்த்துக்கொள். கரண்ட் மீட்டரையும் பிரித்துவிடு. வழிபாட்டுத் தலத்துக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது, வீட்டு மீட்டரோடு சேர்ந்து கிடந்தால் அது கிடைக்காது. வீட்டுவரி விலக்கும் வழிபாடு நடக்கும் கட்டடத்துக்கு மட்டும்தான்.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் நகல் எடுத்து வை. பட்டாவில் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்று இருக்கிறதா, ஏதாவது ஒரு மூலை கடற்கரைப் புறம்போக்கில் நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல். இருந்தால் அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். திருப்பூர்த் தம்பியையும் மகளையும் ஒருநாள் வரவழைத்து, பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல். சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் அப்பா எழுதியது தனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்ல வாய் வராது.